ஏரி ஆயக்கட்டுக் களியும் மலையடிச் செம்மண்ணும்: சாலைக்கு அடியில் எந்தத் துணி, எந்த வலை?

கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்து எழுதிவிடுகிறேன். அயோத்தியாபட்டணத்திலிருந்து குப்பனூர் செல்லும் பக்கத்தில், ஓர் ஏரியின் ஆயக்கட்டு வழியே சுமார் 500 மீட்டரும், அதன்பின் சேர்வராயன் மலையடிவாரத்தில் ஏற்றமாகச் சுமார் 300 மீட்டரும் போகும் மண்பாதையை, மரவள்ளிக் கிழங்கு லாரிகள் போய்வரும் அளவுக்கு 4 மீட்டர் அகலச் சாலையாக்க விவசாயிகள் சேர்ந்து முயல்கிறார்கள். முன்பு ஒருமுறை கொட்டிய ஜல்லி இரண்டே மழைக்காலத்தில் சேற்றுக்குள் இறங்கிவிட்டது. ஒப்பந்ததாரர் முழு நீளத்துக்கும் ஜியோகிரிட் என்ற பிளாஸ்டிக் வலையை விரிக்கலாம் என்கிறார். பொருள் விற்பவர், அறை அறையாக விரியும் ஜியோசெல்தான் சரி என்கிறார். தென்னை நாரால் ஆன கயிற்றுநார் விரிப்பே போதும், செலவும் குறைவு என்று வேறொருவர் சொல்கிறார். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

மூவருமே முழு நீளத்துக்கும் ஒரே பொருளைச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் உறுத்துகிறது. நீங்கள் விவரித்திருப்பது ஒரே சாலையானாலும் அடியில் இருப்பவை இரண்டு வேறு மண்கள், இரண்டு வேறு நோய்கள். கீழ்ப்பகுதியில் ஜல்லியும் களிமண்ணும் ஒன்றோடொன்று கலந்துவிடுவது பிரச்சினை. மேல்பகுதியில் மலைப்பக்கத்திலிருந்து கசிந்து வரும் தண்ணீர் பிரச்சினை. ஆகவே கீழே பெரும்பகுதிக்கு நெய்யாத ஜியோ துணி (இழைகளை நெய்யாமல் கம்பளிபோல் இறுக்கிய செயற்கைத் துணி) மட்டும் போதும், மதகை ஒட்டி எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும் நீளத்துக்கு மட்டும் துணியின் மேல் ஜியோகிரிட், மேலே ஏற்றத்தில் வலைக்கு வைத்திருக்கும் பணத்தை வடிகாலுக்குத் திருப்புவது என்பதே என் பரிந்துரை. அதற்கான காரணங்களையும், சோதனையின் முடிவைப் பொறுத்து இந்தப் பரிந்துரை எங்கெங்கே மாறும் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

பழைய ஜல்லி எங்கே போனது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. மிகவும் மோசமாகப் பள்ளம் விழுந்த இடத்தில், சக்கரத் தடத்துக்குக் குறுக்காக, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அதன் பக்கச் சுவரை மண்வெட்டியால் வழித்துவிட்டு உற்றுப் பாருங்கள். ஜல்லிக்கும் களிமண்ணுக்கும் இடையில் ஒரு தெளிவான கோடு தெரியாது. கற்கள் கீழ்நோக்கிக் களிக்குள் குத்தி இறங்கியிருக்கும், களி மேல்நோக்கிக் கற்களின் இடுக்கில் பிதுங்கி ஏறியிருக்கும். ஒரு கைப்பிடி ஜல்லியை எடுத்துக் கழுவினால் தண்ணீர் குழம்பாகிவிடும். ஜல்லி அடுக்கு வலிமை பெறுவது கல்லோடு கல் உராய்ந்து பூட்டிக்கொள்வதால்தான். அந்த இடுக்குகளில் ஈரக் களி புகுந்ததும் கற்கள் வழுக்கத் தொடங்குகின்றன. எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அடிமண் கலந்துவிட்டாலே ஜல்லி அடுக்கின் தாங்குதிறன் அந்த அடிமண்ணின் தாங்குதிறனுக்கே இறங்கிவிடும் என்பது சாலைப் பொறியியலில் நெடுநாளாக அறியப்பட்ட விஷயம். அதன்பிறகு எத்தனை லோடு கொட்டினாலும் அதே சேற்றுக்கு உணவு போடுவதாகத்தான் முடியும்.

இந்தக் கலப்பைத் தடுப்பதற்குப் பெயர் பிரித்துவைத்தல். ஜியோ பொருள்கள் சாலைக்கு அடியில் செய்யக்கூடிய மற்ற வேலைகள், மண்துகளை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் வடிகட்டல், தண்ணீரைத் தன் தளத்திலேயே கடத்தி வெளியேற்றும் வடிகால் வேலை, சுமையைத் தாங்கும் வலுவூட்டல் ஆகியவை. ஜியோகிரிட் வலுவூட்டும், ஆனால் அதன் கண்கள் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் திறந்திருப்பதால் களியைத் தடுக்காது. நெய்யாத துணி பிரிக்கும், வடிகட்டும். பெரிய இழுவலிமையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இந்த வேறுபாட்டைப் பேசாமல் விலைப்பட்டியலை மட்டும் நீட்டுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்தது அளவீடு. மண்ணின் வலிமையைச் சாலை வேலையில் சிபிஆர் என்ற எண்ணால் குறிக்கிறோம். ஊரகச் சாலைகளுக்கான இந்திய சாலை மாமன்றத்தின் வழிகாட்டி, ஐஆர்சி எஸ்பி 72, சிபிஆர் 2 உள்ள மண்ணை மிக மோசமானது என்றும், 3 முதல் 4 வரை மோசமானது என்றும், 5 முதல் 6 வரை சுமாரானது என்றும் வகைப்படுத்துகிறது. ஆய்வகத்தில் மண் மாதிரியை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து இந்த எண்ணைக் கண்டுபிடிப்பார்கள். சேலத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. சிவில் துறையில் விசாரித்தால் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வழி கிடைக்கும். களத்திலேயே விரைவாகப் பார்ப்பதற்கு டிசிபி என்ற கூம்புக் கருவி இருக்கிறது: 8 கிலோ சுத்தியல் 57.5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூம்பை மண்ணுக்குள் இறக்கும். பரவலாகப் பயன்படும் சூத்திரத்தின்படி, சுத்தியலின் ஓர் அடிக்கு 25 மில்லிமீட்டர் இறங்கினால் சிபிஆர் ஏறக்குறைய 8. 50 மில்லிமீட்டர் இறங்கினால் மூன்றரை. 100 மில்லிமீட்டர் இறங்கினால் 2-க்கும் கீழே. 50 மீட்டருக்கு ஓர் இடம் வீதம் குத்திப் பார்த்தால் 800 மீட்டருக்கும் ஒரு படம் கிடைத்துவிடும். ஆனால் இதைச் சித்திரை வெயிலில் செய்துவிட்டு மகிழக் கூடாது. காய்ந்த களிமண் பாறைபோல் நின்று பொய் சொல்லும். மழை பெய்து ஏரியில் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த எண்ணே உங்கள் எண்.

அந்த எண் கையில் வந்தபின் தேர்வு பெரும்பாலும் தானே அமைந்துவிடும். சிபிஆர் 3-க்கு மேல் இருந்தால் பிரித்துவைக்கும் துணி ஒன்றே போதும். 1-க்கும் 3-க்கும் இடையில், மண்ணும் ஈரமாகவே இருக்குமானால், துணி பிரிப்பதோடு வடிகட்டவும் ஓரளவு சுமையில் பங்கேற்கவும் வேண்டியிருக்கும். அப்போது வலிமை மிக்க வகுப்பைக் கேட்க வேண்டும். 1-க்கும் கீழே போனால் துணியை மட்டும் நம்ப முடியாது, ஜியோகிரிட் போன்ற வலுவூட்டும் பொருள் உள்ளே வர வேண்டும். 8, 10 என்று வந்தால் எதுவுமே வேண்டாம், நல்ல கிராவலும் வடிகாலும் போதும். விற்பனையாளர்கள் இந்தக் கடைசி வரியைச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்லிவைக்கிறேன்.

துணி போடுவதால் எவ்வளவு ஜல்லி மிச்சமாகும் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அமெரிக்க வனத்துறைக்காக 1977-இல் வகுக்கப்பட்ட எளிய முறை ஒன்று, தார் போடாத சாலைகளுக்கு இன்றும் முதல் மதிப்பீடாகப் பயன்படுகிறது. களிமண் தாங்கக்கூடிய அழுத்தம், துணி இல்லாதபோது அதன் வெட்டு வலிமையை, அதாவது வழுக்கி விலகாமல் எதிர்க்கும் திறனைப்போல் 2.8 மடங்கு என்றும், துணி இருக்கும்போது 5 மடங்கு என்றும் அது எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் தடவைக்கு மேல் வண்டி போனாலும் 5 சென்டிமீட்டருக்கு மேல் தடம் பதியக் கூடாது என்ற நிபந்தனைக்கு உரிய எண்கள் இவை. சிபிஆர் 1 உள்ள களியின் வெட்டு வலிமை சுமார் 30 கிலோபாஸ்கல். 80 கிலோநியூட்டன் அச்சின் ஒரு பக்கச் சுமை 40 கிலோநியூட்டன், டயர் அழுத்தம் 560 கிலோபாஸ்கல் என்று வைத்துக் கணக்கிட்டால், துணி இல்லாமல் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் ஜல்லியும், துணியோடு ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் ஜல்லியும் தேவைப்படும். 500 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் இந்த 14 சென்டிமீட்டர் வித்தியாசம் 280 கன மீட்டர், அதாவது நம் கணக்கில் சுமார் 100 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கெட்டித்த ஜல்லி. உள்ளூர்க் குவாரி விலையையும் லாரி வாடகையையும் இதனுடன் பெருக்கி, துணியின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கிழங்கு அறுவடைக் காலத்தில் வரும் லாரிகள் அனுமதித்த பாரத்தோடு நிற்பதில்லை என்பது ஊரறிந்தது. அதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. முடிவான தடிமனை, 2004-இல் வந்த ஜிரோ–ஹான் முறையைக் கொண்டோ எஸ்பி 72 வரைபடத்தைக் கொண்டோ ஒரு பொறியாளர் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இனி, எந்தத் துணி என்பது. சந்தையில் இரண்டு இனம் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் நாடாக்களைச் சாக்குப்பைபோல் ஊடும்பாவுமாக நெய்தது ஒன்று. இழைகளை ஊசியால் குத்திக் குத்திக் கம்பளிபோல் இறுக்கிய நெய்யாத துணி மற்றொன்று. நெய்ததில் அதே விலைக்கு இழுவலிமை அதிகம், நீட்சி குறைவு. ஆனால் நாடா நெசவுத் துணியின் துளைகள் குறைவு, நீர் கடத்தலும் குறைவு. எந்நேரமும் ஈரமாக இருக்கும் நுண்களியின்மேல் அது ஒரு மூடிபோலச் செயல்பட்டு, சக்கரம் அழுத்தும்போது களியில் எழும் நீரழுத்தத்தை வெளியேற விடாமல் வைத்துக்கொள்ளும். நெய்யாத துணி அந்தத் தண்ணீரைத் தன் தடிமனுக்குள் வாங்கிப் பக்கவாட்டில் விடும். கூர்மையான கருங்கல் ஜல்லி குத்தும்போது கிழியாமல் பாதிக்கு மேல் நீண்டு கொடுக்கும். ஆயக்கட்டு மண்ணுக்கு நெய்யாததையே நான் தேர்ந்தெடுப்பேன். நெடுஞ்சாலைகளில் இழுவலிமைக்கென்றே தயாரிக்கும் உயர்வலிமை நெசவுத் துணிகள் வேறு. அவற்றை இந்த நாடாத் துணியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், உங்கள் சாலைக்கு அவை தேவையும் இல்லை.

கடையில் இந்தத் துணியை ஜிஎஸ்எம் சொல்லி விற்பார்கள்: சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பது. பேச்சுக்கு அது வசதி, ஆனால் எடை ஒருபோதும் தரத்தைச் சொல்லாது. அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் ஆஷ்டோ எம்288 தரத்தின்படி முதல் வகுப்பு நெய்யாத துணிக்குப் பிடி இழுவலிமை (துணியின் நடுவே பிடித்து இழுக்கும்போது தாங்கும் அளவு) 900 நியூட்டன், கிழிவலிமை 350 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. ஈரமான வலுவற்ற மண்ணை நிலைப்படுத்தும் இடத்தில் துளை அளவு 0.43 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. 500 மணிநேரம் புற ஊதாச் சோதனைக்குப் பின் பாதி வலிமையாவது மிஞ்ச வேண்டும். நம் நாட்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக விவரக்குறிப்பின் 700-ஆம் பிரிவும், ஐஆர்சி எஸ்பி 59-இன் 2019 பதிப்பும் இதே நோக்கில் விவரங்களைத் தருகின்றன. விலைப்புள்ளி கேட்கும்போதே இந்த எண்களை எழுதிக் கேளுங்கள். 250 ஜிஎஸ்எம் என்று சொல்லி 180 ஜிஎஸ்எம் தள்ளிவிடுகிறார்களா என்று பார்ப்பதற்கு மட்டும் எடை உதவும். உருளையின் ஓரத்தை விட்டு நடுப்பகுதிகளிலிருந்து சரியாக 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள் ஐந்தாறு வெட்டுங்கள். ஒவ்வொன்றும் இரண்டரை கிராம் இருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசில் இது தெரியாது. சேலத்துக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். அவர் தராசு மில்லிகிராம் வரை சொல்லும்.

மதகை ஒட்டிய நீளத்தில், நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆள் நடந்தாலே குதிகால் புதைகிறது. சிபிஆர் 1-ஐச் சுற்றித்தான் இருக்கும். அங்கே துணியின்மேல் ஜியோகிரிட் வைப்பது நியாயம். இதில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். இரு திசையிலும் வலிமை சமமாக உள்ள பைஆக்சியல் வகையாக அல்லது முக்கோணக் கண் வகையாக இருக்க வேண்டும். ஒரே திசையில் வலிமை மிக்க யூனிஆக்சியல் வகை தடுப்புச் சுவருக்கானது, மீந்துபோன உருளைகளைச் சாலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் உண்டு. அடுத்து, வலையின் கண்ணும் ஜல்லியின் அளவும் பொருந்த வேண்டும். கற்கள் கண்ணுக்குள் பாதி இறங்கிப் பூட்டிக்கொண்டால்தான் வலை வேலை செய்யும். ஜல்லிக் கலவையில் பாதி எடை எந்தச் சல்லடையில் கடக்கிறதோ அந்த அளவுக்குக் கண் குறையக் கூடாது, 85 சதவீதம் கடக்கும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மிகவும் கூடாது. பல அளவு ஜல்லியைத் தண்ணீரோடு கலந்து தரும், 53 மில்லிமீட்டருக்கு உட்பட்ட வெட்மிக்ஸ் கலவைக்கு, சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 25 முதல் 40 மில்லிமீட்டர் கண் பொருந்தும். வெறும் கிரஷர் தூளைக் கொட்டினால் எந்த வலையும் பயன்படாது. மூன்றாவதாக, அறுபடும் வலிமை எவ்வளவு என்று கேட்பதைவிட 2 சதவீதம் நீளும்போது எவ்வளவு தாங்குகிறது, கணுக்களின் வலிமை எவ்வளவு என்று கேளுங்கள். வலை அறுந்து சாலை கெடுவது அரிது. வலை நீண்டு கொடுத்துத் தடம் பதிவதுதான் வழக்கம்.

துணி போடாமல் களியின்மேல் வலையை மட்டும் விரிப்பதுதான் ஒப்பந்ததாரரின் யோசனை என்றால், அதை ஏற்காதீர்கள். கல் கீழே போவது குறையும். களி மேலே வருவது நிற்காது.

மூலப்பொருளையும் ஒரு வார்த்தை. துணியும் வலையும் பாலிபுரொப்பிலினிலோ பாலியெஸ்டரிலோ வரும். பாலியெஸ்டர் நீண்டகாலச் சுமையில் குறைவாகத் தளரும். ஆனால் காரத்தன்மை மிகுந்த ஈரத்தில், பிஎச் 9-க்கு மேல், அதன் இழை மெல்லச் சிதையும். சேலத்தில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. சுண்ணாம்புக்கரடு பகுதியின் மேக்னசைட் கழிவையும் சுண்ணாம்பு கலந்த மண்ணையும் நிரப்புமண்ணாகக் கொண்டுவருகிறார்கள். களியைச் சுண்ணாம்பு போட்டுத் திருத்துவதும் உண்டு. அப்படி ஏதேனும் செய்தால் பிஎச் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் பாலிபுரொப்பிலினையே எடுங்கள். இந்தச் சாலைக்கு அதன் தளர்ச்சி ஒரு பொருட்டில்லை.

கரிசல் கலந்த களியில் இன்னொரு சிக்கலும் இருக்கலாம்: மழையில் ஊதிக் கோடையில் வெடிப்பது. ஆய்வகத்தில் தடையற்ற வீக்கக் குறியீட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 50 சதவீதத்துக்கு மேல் வந்தால் அந்த மண்ணைச் சாலை நிரப்புக்கே அமைச்சக விவரக்குறிப்பு அனுமதிப்பதில்லை. துணியோ வலையோ வீக்கத்தை நிறுத்தாது. மேல் 30 சென்டிமீட்டரை வெட்டி நல்ல கிராவல் போடுவது அல்லது 3 முதல் 5 சதவீதம் சுண்ணாம்பு கலப்பது, சாலையோரத் தோள்களைத் தண்ணீர் இறங்காதபடி மூடுவது ஆகியவையே அதற்கு வழி. சாலையின் அடித்தளம் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் உயர்ந்த மட்டத்துக்கு மேல் குறைந்தது 60 சென்டிமீட்டராவது இருக்கும்படி மேடாக்குவதும் இதோடு சேர்ந்தது. அந்த மேட்டை எழுப்பாமல் துணிக்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மேலே ஏற்றத்துக்கு வருவோம். சேர்வராயன் மலை அடிப்படையில் சார்னோகைட் என்ற கடினப் பாறை. அது சிதைந்து உருவான செம்மண் காய்ந்திருக்கும்போது நன்றாகத் தாங்கும், சிபிஆர் பெரும்பாலும் கவலைப்பட வைக்காது. அங்கே சாலை கெடுவது, மண்ணுக்கும் பாறைக்கும் இடையில் ஊறிவரும் தண்ணீர் வெட்டுப்பக்கத்தில் வெளிப்பட்டு, சாலையின் அடியில் புகுந்து, பள்ளப்பக்கத்து நிரப்பைக் கரைப்பதால். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். தண்ணீருக்கு வழி இல்லாத இடத்தில் மண் தாங்காது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. இப்படிப்பட்ட இடத்தில் சாலைக்கு அடியில் ஜியோகிரிட் விரிப்பதால் பயன் மிகச் சிறிது.

செய்ய வேண்டியது, மலைப்பக்கத்தில் சாலை நீளத்துக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மீட்டர் அகலப் பள்ளம் வெட்டி, அதில் நெய்யாத துணியை விரித்து, 20 முதல் 40 மில்லிமீட்டர் சுத்தமான ஜல்லியை நிரப்பி, அடியில் துளைக்குழாய் வைத்து, துணியை மேலே மடித்து மூடிவிடுவது. இங்கே துணியைத் தேர்வது வலிமைக்காக அல்ல, வடிகட்டலுக்காக. மண்ணில் பாதிக்கு மேல் 75 மைக்ரான் சல்லடையில் கடந்தால் துளை அளவு 0.22 மில்லிமீட்டருக்கு மிகாத துணி, 15 முதல் 50 சதவீதம் கடந்தால் 0.25 வரை. அதைவிடப் பெரிய துளை இருந்தால் செம்மண் உள்ளே போய் ஜல்லியை அடைத்துவிடும். நாடா நெசவுத் துணி இங்கு அறவே ஆகாது. பள்ளத்தில் சேரும் தண்ணீரைச் சாலைக்குக் குறுக்கே குழாய் வைத்துக் கல்பாவிய ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளப்பக்கத்து மண்ணின்மேல் சும்மா ஊற்றவிட்டால் அடுத்த மழையில் சாலையின் ஓரமே இறங்கும். பள்ளப்பக்கம் உயரமான நிரப்பு, விரிசல், சாய்ந்த மரங்கள் ஏதேனும் தென்பட்டால் அது சாலைத் துணிக்கு உரிய கேள்வியே அல்ல. சரிவின் நிலைத்தன்மையை ஒரு மண்ணியல் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும்.

ஜியோசெல்லை நான் முழுவதும் ஒதுக்கவில்லை. தேன்கூடுபோல் விரியும் அந்த எச்டிபிஇ பிளாஸ்டிக் அறைகள், உள்ளே போட்ட மண்ணைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே தரம் குறைந்த மணலோ குவாரிக் கழிவோ இருந்தாலும் கெட்டியான ஒரு மெத்தை கிடைக்கிறது. நல்ல ஜல்லியை மேலேற்றிக் கொண்டுபோவதே பெரும் செலவாகும் காபித் தோட்டத்துச் சாலைகளில் அது கணக்குக்கு ஒத்துவரும். உங்கள் இடத்தில் குவாரி ஜல்லி பக்கத்திலேயே கிடைக்கும்போது 800 மீட்டருக்கும் ஜியோசெல் வாங்குவது வீண். ஏற்றத்தின் மிகச் செங்குத்தான வளைவில், லாரிச் சக்கரம் சுழன்று ஜல்லியை வாரியடிக்கும் இடத்தில் மட்டும், 100 அல்லது 150 மில்லிமீட்டர் உயரச் செல்லுக்குள் கான்கிரீட் நிரப்பிச் சக்கரத் தடம் போடலாம். வாங்கும்போது அறைகளின் பற்றவைப்பை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். பற்றவைப்புக்கான சோதனைச் சான்றையும் கேளுங்கள், ஏனெனில் செல் பெரும்பாலும் அங்கேதான் விடும்.

கயிற்றுநார் விரிப்பைப் பற்றிக் கேட்டவர் தவறாகச் சொல்லவில்லை. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் அதைப் பயன்படுத்த 2020-இல் ஒப்புதல் கிடைத்தது. ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் என்று அறிவித்ததில் தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர். நார் சில ஆண்டுகளில் மட்கிவிடும். அதற்குள் அடிமண் நீரை இழந்து, அமுங்கி, தானே வலிமை பெற்றுவிடும் இடங்களில் இது குறையல்ல. ஆனால் ஏரிக் கசிவால் ஆண்டு முழுதும் ஈரமாகவே இருக்கும் உங்கள் ஆயக்கட்டு மண் அப்படி வலிமை பெறப் போவதில்லை. நார் போனபின் ஜல்லி மறுபடியும் களியோடு கலக்கும். அதே விரிப்பை ஏற்றத்தின் வெட்டுச் சரிவுகளில் போட்டு வெட்டிவேர் நட்டால், வேர் பிடிக்கும்வரை மண் அரிப்பைத் தடுக்க அதைவிடச் சிறந்த பொருள் இல்லை.

எவ்வளவு நல்ல பொருளானாலும் விரிக்கும் நாளில் கெடுத்துவிடலாம். மிகவும் தளர்ந்த களியில் புல்வேர்ப் படலத்தை ஜேசிபி வைத்து வழிக்காதீர்கள். செடிகளையும் வேர்க்கட்டைகளையும் மட்டும் மட்டமாக வெட்டிவிட்டால் அந்தப் படலமே முதல் ஆதாரம். துணியை 5 மீட்டர் அகலத்தில் வாங்கினால் சாலைக்கும் தோளுக்குமாகச் சரியாக வரும், நீளவாட்டில் இணைப்பே வராது. உருளை முடியும் இடத்தில் ஒரு மீட்டர் மேல்படிய வேண்டும். ஆகவே 100 மீட்டர் உருளை ஐந்து வாங்கினால் 500 மீட்டருக்குப் போதாது. ஜல்லி எந்தப் பக்கத்திலிருந்து தள்ளப்படுகிறதோ அந்தப் பக்கத்து உருளையின் முனை மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஜல்லி இணைப்பைக் கிளப்பிவிடும். டிப்பர் ஒருபோதும் துணியின்மேல் நேராக ஏறக் கூடாது. ஏற்கெனவே பரப்பிய ஜல்லியின்மேல் பின்னோக்கி வந்து கொட்ட வேண்டும், அங்கிருந்து முன்னோக்கித் தள்ள வேண்டும். முதல் அடுக்கு மதகுப் பக்கம் 30 சென்டிமீட்டர், மற்ற இடத்தில் 20 சென்டிமீட்டராவது இருக்கட்டும். அதன்மேல் ரோலரை அதிர்வு இல்லாமல் ஓட்டச் சொல்லுங்கள், அதிர்வு களியிலிருந்து தண்ணீரை மேலே இழுத்துவிடும். தடம் பதிந்தால் மேட்டை வழித்துப் பள்ளத்தில் போடாமல், புது ஜல்லியால் நிரப்ப வேண்டும். வழித்தால் தடத்தின் இருபுறமும் துணிக்கு மேல் உள்ள ஜல்லி மெலிந்துவிடும். விரித்த துணி இரண்டு வாரத்துக்கு மேல் வெயிலில் கிடக்கக் கூடாது, உருளைகளைக் கறுப்பு உறையோடு நிழலில் வையுங்கள்.

நர்சரிப் பச்சை வலை, பழைய சிமெண்ட் சாக்கு, தார்ப்பாய் ஆகியவற்றை விரித்தும் இதே பலன் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். நிழல்வலை முதல் ஜல்லியிலேயே கிழியும். தார்ப்பாய் தண்ணீரைக் கீழே பூட்டிவைத்துக் களியை மேலும் குழைக்கும். மண்ணுக்கு அடியில் போவதைத் திரும்ப எடுத்துப் பார்க்க முடியாது என்பதால், ஒவ்வொரு உருளையின் சீட்டையும் தயாரிப்பு எண்ணோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் ‘ஜியோ துணி விரித்தல்’ என்று பொதுவாக எழுதாமல், வகை, வகுப்பு, பிடி இழுவலிமை, துளை அளவு, மேல்படிவு ஆகிய ஐந்தையும் எழுதி, களத்துக்கு வந்த உருளையிலிருந்து வெட்டிய மாதிரியை உங்கள் செலவில் சோதித்து, முடிவு வந்தபின்தான் விரிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கால அட்டவணையும் இதை ஒட்டியே அமையட்டும். டிசிபி சோதனையையும் கசிவு வரும் இடங்களைக் குறித்துக்கொள்வதையும் இந்த மழைக்காலத்திலேயே முடித்துவிடுங்கள். மலைப்பக்க வடிகாலை மாசியில் தொடங்கினால் கசிவு குறைந்திருக்கும், பள்ளம் சரியாமல் நிற்கும். ஏரித் தண்ணீர் வற்றி, கிழங்கு லாரிகளும் ஓய்ந்தபின், பங்குனி, சித்திரையில் கீழ்ப்பகுதித் துணியையும் ஜல்லியையும் போட்டுவிடலாம்.